ஏழு பாகம், நீலச் சேறு

தூக்கத்தில் லெவின் ட்ரூயிட் கடலுக்கு அடியில் நடந்துகொண்டிருப்பான். அங்கே தண்ணீர் இருப்பதே தெரியாது. டெலவேர் விரிகுடாவின் தரை ஒரு மேய்ச்சல் நிலம்போல விரிந்து கிடக்கும். வெள்ளை மணல் மேடுகள், கறுப்புப் பொட்டு வைத்த மணல் சரிவுகள், சிப்பி ஓடுகள் நொறுங்கிக் கிடக்கும் நீலச் சேற்றுப் பள்ளங்கள் எல்லாவற்றையும் வெறும் காலால் மிதித்துப் போவான். தலைக்கு மேலே கப்பல்களின் அடிப்பாகங்கள் மேகம்போல மெல்ல நகரும். எந்த நாட்டுக் கப்பல் என்று கீழேயிருந்து சொல்ல முடியாது. பாசி பிடித்த பலகை மட்டும்தான் தெரியும்.

விழித்திருக்கும்போது அவன் பிழைப்பும் அந்தத் தரையை வைத்துத்தான். லூயிஸ் ஊரின் வழிகாட்டிகளில் அவன் ஒருவன். கடலில் ஒரு கப்பலின் பாய் தெரிந்தால் படகை விரட்டிக்கொண்டு போய், கயிற்றேணியில் ஏறி, அந்தக் கப்பலை ஹென்லோப்பன் முனையைத் தாண்டி, மணல் திட்டுகளுக்கு நடுவே வளைத்து நெளித்து, ஃபிலடெல்ஃபியா வரை கொண்டு சேர்ப்பான். சேர்த்ததும் ஏணியில் இறங்கிவிடுவான். மறுநாள் வேறு கப்பல். படகை நிறுத்திக் கொடியைப் பார்ப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. முதலில் போய்ச் சேர்ந்த படகுக்கு அந்தக் கப்பல், அவ்வளவுதான்.

ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்கினால் கடல்தரையில் ஒரு சிட்டிகை அதில் ஒட்டிக்கொண்டு வரும். மூடுபனியில் கண் உதவாது. அந்தச் சிட்டிகை உதவும். எல்லா வழிகாட்டிகளும் அதைப் பார்த்துவிட்டு வழித்து எறிவார்கள். லெவின் எறியமாட்டான். கூரைக்குப் போடும் தேவதாருப் பலகைத் துண்டு ஒன்றில் தடவி, தேதியைக் கத்தியால் கீறி, வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னறைச் சுவரில் அடித்துவைப்பான். பதினாறு வருடத்துப் பலகைகள். கோடையில் கொழுப்பு வாடை அடுக்களை வரை வரும்.

"மத்தவ புருஷனெல்லாம் கப்பல்லேர்ந்து பட்டுத்துணி கொண்டுவரான்," என்பாள் அவன் மனைவி சிப்போரா. "எனக்கு வாய்ச்சவன் சேறு கொண்டுவரான்."

"வேற வேற சேறு, சிப்போரா. நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். எலியும் பாத்துட்டு இருக்கு."

அந்த வீட்டில் இன்னொரு பொருளும் உண்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒரு நீலக் கோட்டு. சுதந்திரப் போரின்போது ஆங்கிலேயர்கள் லெவினைப் பிடித்து நியூயார்க்கில் ஒரு சிறைக் கப்பலில் அடைத்திருந்தார்கள். அங்கிருந்து குதித்துத் தப்பியவனை, ஒன்றரை நாள் ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு மிதந்தவனை, ஒரு பிரெஞ்சுக் கப்பல் தூக்கியது. கண் விழித்தபோது யாரோ ஒருவரின் நீலக் கோட்டு அவன்மேல் போர்த்தியிருந்தது. அதைக் கொடுத்தவன் முகம் நினைவில் இல்லை. கோட்டின் கதகதப்பு நினைவில் இருந்தது. சில சமயம் கனவில் கடலடியில் குளிரும்போது அந்தக் கோட்டு தானாக வந்து தோளில் விழும்.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் வசந்தத்தில் பிரான்சும் இங்கிலாந்தும் மறுபடி மோதிக்கொண்டன. நம் அமெரிக்கா யார் பக்கமும் இல்லை என்று ஜனாதிபதி அறிவித்துவிட்டார். நம் முனைகளுக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் நம்முடையது, அதற்குள் யாரும் யாருடைய கப்பலையும் பிடிக்கக் கூடாது என்றார்கள். லூயிஸ் ஊர் கொதித்துப் போயிற்று. ஆண்கள் தொப்பியில் பிரான்சின் மூவண்ண நாடா குத்திக்கொண்டார்கள். லெவினும் குத்திக்கொண்டான்.

"பதினஞ்சு வருஷம் முன்னால பிரெஞ்சுக்காரன் 'நான் யார் பக்கமும் இல்ல'ன்னு சொல்லியிருந்தா?" என்று படகில் துடுப்பை அடித்துக் கேட்டான் ரிக்ஸம். சிப்போராவின் அண்ணன், லெவினும் அவனும் ஒரே படகில் பாதிப் பாதிப் பங்கு. "என்னிக்கும் சிநேகிதன்னு காயிதத்துல கையெழுத்துப் போட்டோமா இல்லையா? அந்தக் காயிதம் இப்ப எங்க போச்சு மச்சான்?"

"என்னைக் கேட்டா? நான் என்ன ஜனாதிபதியா?"

"நீ கோட்டு வாங்கினவன். உன்னைத்தான் கேக்கணும்."

மே மாதம் ஒரு காலையில் லெவின் 'டமரிஸ்' என்ற ஆங்கில வணிகக் கப்பலை உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தான். காற்று செத்துவிட்டது. பால் கவிழ்ந்ததுபோல மூடுபனி இறங்கிற்று. நீர் வடியும் வற்றம் கப்பலைக் கடல் பக்கம் இழுத்ததால் நங்கூரம் போடச் சொன்னான். குண்டை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்தான்; ஒரு பாகம் ஆறு அடி. ஏழு பாகம். கொழுப்பைப் பார்த்தான்: நீலச் சேறு, அதில் நொறுங்கிய சிப்பி. முனைக்கு உள்ளே, கத்திரிக்கோல் திட்டுக்குப் பின்னால் மட்டும் கிடைக்கும் சேறு அது. கனவில் எத்தனையோ தடவை அதில் கணுக்கால் புதைய நின்றிருக்கிறான்.

"உள்ளே வந்துட்டோம் கேப்டன்," என்றான்.

கேப்டன் ஸ்டாபர்ட் நாற்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். "அப்பாடா. இனிமே எவனும் கைவைக்க மாட்டான்."

லெவின் கொழுப்பைப் பலகையில் தடவித் தேதி கீறிக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் வந்தது. முதலில் சத்தம், பிறகு ஒரு நிழல், பிறகு ஒரு பிரெஞ்சுப் படகு நிறைய ஆட்கள். அவர்கள் ஏறி வந்தபோது யாரும் சத்தமே போடவில்லை. எல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. முன்னால் வந்த அதிகாரி இளைஞன், கெர்வெல்லா என்று பெயர் சொன்னான். அவன் போட்டிருந்தது நீலக் கோட்டு.

அவன் நேராக லெவினிடம் வந்தான். தொப்பியில் நாடாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "இந்தப் பனியில எங்களுக்கே எங்க இருக்கோம்னு தெரியல. நீங்க இந்த ஊர் வழிகாட்டி. சொல்லுங்க. நாம முனைக்கு உள்ளயா, வெளியயா? உள்ளேன்னா நான் இறங்கிப் போயிடறேன். எனக்கு அப்படித்தான் உத்தரவு."

லெவின் அந்தக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைப் பார்த்தான். ஒரு பொத்தானில் பனித்துளி தொங்கிக்கொண்டிருந்தது. பீப்பாயைக் கட்டிக்கொண்டு மிதந்த கடலின் சத்தம் காதில் கேட்டது.

"வெளியே," என்றது அவன் வாய்.

ஸ்டாபர்ட் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார், அதற்குள் அவர் கையிலிருந்த கப்பலை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

டமரிஸ் மூவண்ணக் கொடியோடு ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தது. படகுத்துறையில் ஊரே நின்று பாடியது. ஸ்டாபர்ட் எழுதிக்கொடுத்த புகார் அரசாங்கத்திடம் போயிற்று. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். லெவின் அதற்குள் வீட்டுக்கு வந்து சோள ரொட்டியும் உப்பு மீனும் தின்றான். கடலடிக் கனவு மட்டும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள். படுத்தால் வெறும் கறுப்பு.

பதினொன்றாம் நாள் சிப்போரா அவன் பழுப்புச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் பலகைத் துண்டு அகப்பட்டது. தேதியைப் படித்தாள். மூக்கருகே வைத்தாள். பின்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இது கத்திரிக்கோல் திட்டுச் சேறு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினாறு வருஷமா இந்த நாத்தத்துலதான் மாவு பிசையறேன். எனக்குத் தெரியாதா?" அவள் பலகையை மேசையில் வைத்தாள். "வெளியேன்னு சொன்னியாமே. ரிக்ஸம் ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டுத் திரியறான்."

லெவின் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சுவத்துல ஏன் அடிக்கல? மத்ததையெல்லாம் வந்த அன்னிக்கே அடிப்பியே."

"உள்ளே கிடைச்ச சேத்தோட அடிக்கணும். நான் சொன்னதுக்கு அது தப்பான இடம்."

"எது தப்பு? சேறா, நீ சொன்னதா?"

"அந்தக் கோட்டு இல்லேன்னா நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன், சிப்போரா."

"கோட்டைத் திருப்பிக் குடு. ஒண்ணு தைச்சுக் குடு. நானே தைக்கறேன்." அவள் குரல் இறங்கிற்று. "நீ இடம் சொல்ற ஆளு. உன்கிட்ட வேற என்ன இருக்கு?"

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். இடத்தைப் பொய்யாகச் சொன்ன வழிகாட்டியின் உரிமப் பத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். பொய்யை அப்படியே பிடித்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது. ஊர் தோளில் தூக்கிவைத்துக்கொள்ளும்.

விசாரணை ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அலுவலக அறையில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை நிற வெயில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி வயதானவர். இறகுப்பேனாவைக் காதில் செருகியிருந்தார். ஒரு பக்கம் ஸ்டாபர்ட், மறுபக்கம் கெர்வெல்லா. பின்னால் லூயிஸ் ஊரிலிருந்து வந்த ஆட்களோடு ரிக்ஸம்.

"இந்த மனுஷனுக்கு ரெண்டு நாக்கு," என்றார் ஸ்டாபர்ட். "என்கிட்ட உள்ளேன்னான். இவங்ககிட்ட வெளியேன்னான்."

அதிகாரி லெவினைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க."

"ரெண்டுல எது சரி?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். லெவின் தொப்பியைக் கையில் வைத்திருந்தான். மூவண்ண நாடா விரலில் தட்டுப்பட்டது. கெர்வெல்லா அவனை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"முதல்ல சொன்னதுதாங்க. உள்ளே." பலகையை எடுத்து மேசைமேல் வைத்தான். "ஏழு பாகம். நீலச் சேறு, சிப்பி ஓடு. அது வெளியில எங்கயும் கிடையாது. வெளியில சுத்த மணல். இதைக் கையில வெச்சுக்கிட்டேதான் இவர்கிட்ட வெளியேன்னு சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க."

அதிகாரி பலகையை முகர்ந்து பார்த்து, முகம் சுளித்து, அவனிடமே திருப்பித் தள்ளினார். பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். அது தாளில் கிறீச்சிட்டது. எழுதி முடித்து, மை காய மணலைத் தூவி ஊதினார். கப்பலை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுப்பது என்றும், வழிகாட்டி ட்ரூயிட்டின் உரிமம் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படும் என்றும் அதே குரலில், ஒரே மூச்சில் படித்தார்.

வெளி வராந்தாவில் கெர்வெல்லா அவனுக்காக நின்றிருந்தான்.

"எங்களுக்காகவா பொய் சொன்னீங்க?"

"ஆமா. ஒரு காலத்துல உங்க ஆளுங்க எனக்கு..."

"நான் அதைக் கேக்கலையே." இளைஞனின் முகம் சிவந்திருந்தது. "நான் இடத்தைத்தானே கேட்டேன். உங்களை நம்பி என் கேப்டன்கிட்ட போய்ச் சத்தியம் பண்ணினேன். இப்ப நான்தான் பொய்யன்."

லெவின் அந்தப் பையனின் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்து நூலில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஊர் திரும்பி லூயிஸ் கரையில் இறங்கியதும் ரிக்ஸம் படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "உன் பாதிப் பங்கை நானே எடுத்துக்கறேன். நீ இனிமே இந்தப் படகுல கால் வைக்காதே."

"மச்சான்..."

"எனக்கு நீ மச்சான் இல்ல. இங்கிலாந்து ராஜாவுக்கு மச்சான். அங்க போ, முட்டை பொரிச்சுப் போடுவான்."

அந்த வருடம் லெவின் கரையில் கிடந்தான். வற்றத்தின்போது சிப்பி தோண்டினான். ஊர்க்காரர்கள் கடந்து போகும்போது "ராஜா சௌக்கியமா, லெவின்?" என்பார்கள். "மகாராணி உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க," என்று ஒரு நாள் பதில் சொன்னான். ஒருவர் சிரித்துவிட்டார், பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். நாடாவை எடுத்துவிட்டாயா என்று கேட்டார்கள். எடுத்துவிட்டான். நீலக் கோட்டை எடுக்கவில்லை. அது ஆணியிலேயே தொங்கிற்று.

விசாரணை முடிந்து திரும்பிய அன்று அந்தப் பலகையைச் சுவரில் அடித்தான். அன்று இரவே கனவு திரும்பி வந்தது. நீலச் சேறு, கணுக்கால் வரை, வெதுவெதுப்பாக.

இலையுதிர்காலத்தில் விக்கர்ஷம் என்ற ஃபிலடெல்ஃபியா வியாபாரி வண்டி கட்டிக்கொண்டு லூயிஸ் வந்தார். டமரிஸில் அவர் சரக்கும் இருந்தது. சிப்போரா காட்டுப்பிளம் ஜாமும் ரொட்டியும் வைத்தாள். அவர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே தின்றார்.

"உங்களை மாதிரி ஒரு நியாயஸ்தரை இந்த ஊர்ல எனக்குக் காட்டுங்க பாப்போம்," என்றார். "உரிமம் திரும்பி வந்ததும் எங்க கப்பலுக்கு மட்டும் வாங்க. இங்கிலாந்துக்குப் போற வர்ற கப்பல். தனிப் படகு, நாலு ஆளு. ஆயுசு முழுக்க."

"வேற கப்பல் முனையில நின்னு கொடி காட்டினா?"

"அவங்களுக்கு ஊர்ல வேற வழிகாட்டி இருக்காங்களே. நீங்க நம்ம ஆளு."

லெவின் ஜன்னல் வழியே பார்த்தான். தூரத்தில் ரிக்ஸமின் படகு, அவனுடையதாக இருந்த படகு, ஒரு பாயை நோக்கிச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. தனிப் படகு. நான்கு ஆட்கள்.

"மன்னிச்சுக்கங்க," என்றான். "போன வசந்தத்துல நான் இன்னொருத்தங்க ஆளா இருந்தேன். ஒரே ஒரு காலைப் பொழுதுதான். அதுக்கே இவ்வளவு."

வண்டி போனபிறகு சிப்போரா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நாலு ஆளோட படகு. வேண்டாம்னுட்டியா?"

"ஆமா. கோவமா?"

"கோவம் இருக்கு. ஆனா அவர் ஜாமைக்கூட மூக்கைப் பொத்திக்கிட்டுத் தின்னாரே, அதுக்கு வேற கோவம். எந்தக் கோவம் பெரிசுன்னு பாத்துட்டிருக்கேன்."

அடுத்த ஜூனில் உரிமப் பத்திரம் கையில் திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படகில்லாத வழிகாட்டி கரையிலேயே நின்று கையசைக்க வேண்டியதுதான். எந்தப் படகிலும் அவனுக்கு இடமில்லை. ஆங்கிலேயக் கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளில் நம் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவன் வீட்டைக் கடக்கும்போது சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

ஒரு வெள்ளைக் காலையில், பனி முற்றத்து வேலி வரை வந்து நின்றிருந்தபோது, கதவு தட்டப்பட்டது. ரிக்ஸம். தொப்பியைக் கழற்றவில்லை. தங்கையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"முனைக்கு வெளியே ஒரு பிரெஞ்சுக் கப்பல். நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்தேன். ஏணியில கால வெச்சா ஏறாதேங்கறான்."

"ஏன்?"

"உன்னைக் கேக்கறான். பேர் சொல்லிக் கேக்கறான்." ரிக்ஸமுக்கு இதைச் சொல்வது மீன்முள்ளை விழுங்குவதுபோல இருந்தது. "போன வருஷம் வந்த அதே ஆளு. இப்ப அவன்தான் கேப்டன். நான் என் நாடாவைக் காட்டினேன். அதைப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'இங்க எல்லாருக்கும் எங்க மேல ரொம்ப அன்பு. மணல் திட்டுக்குள்ள போகும்போது அன்பு வேண்டாம்'னான்."

சிப்போரா சிரிப்பை அடக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

லெவின் ஈயக்குண்டை எடுத்தான். கொழுப்புக் கிண்ணத்தை எடுத்தான். ஆணியில் தொங்கிய கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் பழைய பழுப்புச் சட்டையையே மாட்டிக்கொண்டான். படகில் அவன் பழைய இடத்துக்குப் போனான். ஒரு வருடமாக அந்த இருக்கைப் பலகையில் யாரோ தூண்டில் கொக்கிகளைக் குத்திவைத்திருந்தார்கள். ரிக்ஸம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான்.

பனிக்குள் போனார்கள். கரை மறைந்தது, படகின் மூக்கு மறைந்தது. துடுப்பின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருவதுபோல வந்தது. கப்பல் திடீரென்று தலைக்கு மேலே நின்றது. பாசி பிடித்த பலகை. மேலே கொடி இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை.

மேலே ஏறி வந்தவனிடம் கெர்வெல்லா கைகுலுக்கவில்லை. "நான் மறக்கல," என்றான்.

"நானும்தான்."

"சரி, சொல்லுங்க. எங்க இருக்கோம்?"

லெவின் குண்டின் குழியில் கொழுப்பை அப்பி இறக்கினான். கயிறு கைக்குள் ஓடி ஓடி நின்றது. மேலே இழுத்தான். கொழுப்பில் தூய மணல், அதில் மிளகு தூவியதுபோலக் கறுப்புப் பொட்டுகள். முகர்ந்தான். பிறகு குண்டை அப்படியே அந்த இளைஞனின் கையில் கொடுத்தான்.

"பன்னிரண்டு பாகம், கறுப்புப் பொட்டு மணல். இன்னும் வெளியேதான் இருக்கோம், கேப்டன். நீலச் சேறு வர்றப்ப நீங்களே பாப்பீங்க."

கெர்வெல்லா கொழுப்பில் விரலால் தொட்டான். மணலைக் கட்டைவிரலில் உருட்டினான். பிறகு பாயை விரிக்கச் சொன்னான்.

மூன்றாம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் லெவின் ஏணியில் இறங்கினான். கீழே ரிக்ஸமின் படகு ஆடிக்கொண்டிருந்தது. பின்தொடர்ந்து வந்திருக்கிறான், கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டான்.

"என்ன, கோட்டு ஏதும் குடுத்தானா?" என்றான் ரிக்ஸம்.

"குடுக்கல."

"நல்லது. ஒண்ணு வாங்கினதுக்கே போதும் போதும்னு ஆயிடுச்சு." துடுப்பில் ஒன்றை அவன் பக்கம் தள்ளினான். "நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பறேன். படகுக்கு வர்றியா, நீந்தி வர்றியா?"

"படகுக்கே வரேன், மச்சான்."

ரிக்ஸம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான். லெவின் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பொட்டு மணல் தடவிய புதிய பலகைத் துண்டை எடுத்து, தேதியைக் கீற ஆரம்பித்தான்.